வெயிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு

சிட்னியில் புதிதாகத் தாடி ஓணான் வாங்கியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,



வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றால் எப்படி என்று ஊரில் கேட்பார்கள். வெண்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் நம்மவர் வீடுகளில் இப்போது அந்தக் கதைதான் ஓடுகிறது. பிள்ளை முதலில் நாய் கேட்டது. வீட்டுச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பூனை என்றால் அம்மாவுக்குத் தும்மல். பேரம் இறங்கி இறங்கிக் கடைசியில் பியர்டட் டிராகனில் வந்து நின்றது. குரைக்காது, முடி கொட்டாது, தன்பாட்டில் மூலையில் கிடக்கும் என்று யாரோ சொன்னார்கள். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

வாங்கியது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வீட்டில் வளர்க்கும் ஊர்வனவற்றில் இதைவிடச் சாதுவானவை குறைவு. ஆனால் புதிதாக வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. "சாப்பிடவே மாட்டேங்குது, வேற என்ன குடுக்கலாம்?" "தனியா இருக்கே பாவம், இன்னொண்ணு வாங்கலாமா?" "ராத்திரி குளிருமே, துண்டுல சுத்தி மடியில வச்சுக்கலாமா?" கைக்குழந்தையைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. ஊட்டுவது, அணைப்பது, துணை தேடித் தருவது. பாசம் என்றால் நமக்குத் தெரிந்த வழி இதுதான். தாடி ஓணானிடம் அந்த வழி செல்லாது. அதற்கு முதலில் வேண்டியது வெயில். வெயில் சரியாக இருந்தால் மற்றவற்றில் பாதி தானாகச் சரியாகும். வெயில் சரியில்லை என்றால் நீங்கள் எவ்வளவு பாசம் காட்டினாலும் அது மெல்ல மெல்லச் சாகும்.

ஊரிலிருந்து தாத்தாவோ பாட்டியோ வந்திருந்தால், ஓணானை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேலிக்கம்பின் உச்சியில், கள்ளிச்செடியில், மொட்டை வெயிலில் என்பார்கள். உங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அந்த வேலி ஓணானின் உறவுதான்; இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். வீடுகளில் வளர்ப்பது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகியவற்றின் உட்பகுதி, தெற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி, விக்டோரியாவின் வடமேற்கு மூலை என்று வறண்ட நிலமே அதன் சொந்த ஊர். அங்கேயும் வேலிக்கம்பங்களின் மேல்தான் தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதன் உடம்பு நம் உடம்புபோலத் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு போதாவிட்டால் தின்றது செரிக்காது, பசி எடுக்காது, நோய் எதிர்க்கும் வலுவும் குறையும். ஆகவே பெட்டியின் ஒரு கோடியில், விளக்குக்கு நேர் கீழே உள்ள கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறு கோடி 24 முதல் 28. இரண்டுக்கும் நடுவில் நடந்து தனக்கு வேண்டிய சூட்டை அதுவே தேர்ந்துகொள்ளும். வளர்ந்த ஓணானுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் குறையாத பெட்டி வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். சின்னப் பெட்டியில் இரண்டு கோடியும் ஒரே சூடாகிவிடும். ஓணானுக்கு ஒதுங்க இடமிராது.

டூங்காபியில் ஒரு வீட்டுக்கு, சாப்பிடாத ஓணானைப் பார்க்கப் போயிருந்தேன். தட்டில் ஐந்து வகைக் காய். கேரட்டை நட்சத்திர வடிவில் வெட்டி வைத்திருந்தார்கள். ஓணான் மூலையில் கரிநிறத்தில் சுருண்டு கிடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட வெப்பமானியின் முள் பச்சைப் பகுதியில் நின்றது. அதனால் வீட்டாருக்குக் கவலையில்லை. தொடாமலே மேற்பரப்பின் சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னைக் கொண்டுபோயிருந்தேன்; அதை விளக்கடிக் கல்லின் மேல் காட்டினேன். 29. ஒட்டும் வெப்பமானி, தான் ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கல்லின் சூடு அதற்குத் தெரியாது. பல்பைக் கூடுதல் வாட்டுக்கு மாற்றி, கல்லை உயர்த்தி, மறுபடி அளந்தோம். 40 காட்டியது. சற்று நேரத்தில் ஓணான் நகர்ந்து வந்து கல்லின் மேல் ஏறியது. உடம்பைத் தோசைபோலத் தட்டையாக விரித்து விளக்குக்குக் காட்டியது. கரிநிறம் விலகி, முதுகில் மணல் நிறமும் தாடி ஓரத்தில் மஞ்சளும் தெரிந்தன. பிறகு வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டது. வீட்டம்மா பதறினார். பதற ஒன்றுமில்லை, போதுமான அளவு சூடேறியதும் மிச்சத்தை வாய்வழி வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். அந்த வார இறுதியில் தட்டும் காலியானது.

அந்த டெம்பரேச்சர் கன்னை ஹார்டுவேர் கடையில் சில பத்து டாலருக்கு வாங்கலாம். பெட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பாறைக்கும் பாலத்துக்கும் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள். சூடேறும் கல் என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். ஓணான் சூட்டை மேலிருந்து உணரும். அடிவயிறு வெந்தாலும் அதற்குச் சரியாகத் தெரியாது.

வெயிலில் சூடு ஒரு பாதி. மறுபாதி புற ஊதாக் கதிர். யுவிபி எனப்படும் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்புக்குப் போகும். கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். தாடை ரப்பர்போல மெத்தென்று ஆகும், விரல்கள் வெடவெடக்கும், கால் வளையும், கடைசியில் நடக்க முடியாது. குட்டி ஓணான்கள் விரைவாக வளர்வதால் அவற்றை இது முதலில் தாக்கும். வளைந்த எலும்பு திரும்ப நேராவதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சன்னலோரம் பெட்டியை வைத்தால் வெயில் வருகிறதே என்பார்கள். சன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. அதுவும் கண்ணாடிப் பெட்டியை நேர்வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது வெந்துபோகும். சுருள் பல்பு வேண்டாம். பெட்டி நீளத்தில் பாதிக்குமேல் வரும் டி5 குழல்விளக்கை, 10 அல்லது 12 சதவீத யுவிபி என்று குறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஓணான் உட்காரும் இடத்துக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை விளக்கின் உறையிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. நடுவில் கம்பிவலை இருந்தால் கதிரில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். இன்னொன்று, குழல்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி தீர்ந்துபோயிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், ஆறு மாதமோ ஓராண்டோ, மாற்றியே ஆக வேண்டும். 100 வாட் வெப்ப விளக்கும் 39 வாட் குழல்விளக்கும் 12 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 யூனிட். ஓணானின் விலையைவிட அதன் வெயிலின் விலை அதிகம் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வெயில் எந்த விளக்கையும்விட மேல். இதமான நாளில் கொல்லைப்புறத்தில் வலைக்கூண்டில் விடலாம். பாதி நிழல் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். குக்கபுரா குட்டி ஓணானை ஒரே கொத்தில் தூக்கிவிடும். கடும் கோடையில் வெளியே விட வேண்டாம். பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி அடித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வீடே கொதித்தால் பெட்டி விளக்கையும் அணைத்துவிட வேண்டும்.

இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும். சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் வேண்டாம். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரான் குழுவினர் இதே இனத்தை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. நாம் கனவு காணும் உறக்கநிலைக்கு ஒப்பான நிலையும் ஆழ்ந்த உறக்கமும் இவற்றுக்கும் மாறி மாறி வருகின்றன என்று அதில் காட்டினார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 80 நொடி. இரவில் அறை 18 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை துண்டும் வேண்டாம், மடியும் வேண்டாம். உங்கள் மடிச் சூடு அதற்கு வெயிலாகாது.

இனி சாப்பாடு. குட்டிக்கு முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை; ஒன்றரை வயதுக்குமேல் கணக்கு அப்படியே தலைகீழ். குட்டிக்கு நாளுக்கு இரண்டு மூன்று வேளை சுவர்க்கோழியோ, இங்கே 'வுடி' என்று விற்கும் சின்னக் கரப்பானோ கொடுக்க வேண்டும். ஓணானின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை மாலைக்குள் வெளியே எடுத்துவிடுங்கள். இரவில் அது ஓணானைக் கடிக்கும். வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. யார் வீட்டு மருந்தை மிதித்துவிட்டு வந்ததோ.

சைவ வீடுகளிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும்: பருப்பு, பனீர் கொடுத்து வளர்க்க முடியாதா? முடியாது. குட்டி ஓணானைச் சைவமாக்கினால் அது வளராது. வளர்ந்ததற்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பூச்சி வேண்டும். பூச்சி டப்பாவை காரேஜில் வைத்துச் சமாளிக்கும் வீடுகள் உண்டு. உயிருள்ள பூச்சியைப் போட மனம் ஒப்பவே இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; உரிமம் உள்ள வேறொருவரிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள். அரைகுறையாக வளர்ப்பதைவிட அது மேல்.

கீரையிலும் நம் கை தவறான இடத்துக்குத்தான் போகும். ஸ்பினாச்சும் தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளும் நமக்கு நல்லவை. ஆனால் அவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. அன்றாடம் கொடுக்க பாக் சாய், எண்டைவ், டேண்டிலியன் இலை. நடுநடுவே துருவிய பூசணி. வீட்டில் மருந்தடிக்காத செம்பருத்தி இருந்தால் பூவைப் போடுங்கள். அதைக் கண்டால் ஓடி வரும். அவகாடோ நஞ்சு, ரூபார்ப் இலையும் அப்படியே. சோறு, தயிர், ரொட்டி எதுவும் வேண்டாம். வளர்ந்த ஓணான் கேட்கும்போதெல்லாம் புழுவைக் கொடுத்தால் கொழுத்து ஈரல் கெடும்.

வந்த முதல் வாரம் அதைத் தொடாதீர்கள். பிள்ளையிடம் இதைச் சொல்வது கடினம் என்று எனக்குத் தெரியும், சொல்லத்தான் வேண்டும். புது இடத்தில் அது சரியாகச் சாப்பிடாது, அடிவயிற்றில் கருங்கோடுகள் தெரியும், கண்ணாடியை ஓயாமல் பிறாண்டும். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை வேறொரு ஓணான் என்று நினைத்திருக்கலாம்; பக்கக் கண்ணாடியில் வெளியிலிருந்து காகிதம் ஒட்டினால் அடங்கும். பிறகு கையைப் பக்கவாட்டில் கொண்டுபோய் நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்கப் பழக்குங்கள். மேலிருந்து வரும் கை எதுவும் அதற்குப் பருந்துதான். சில வாரங்களில் அது தானாகத் தோளில் ஏறி உட்காரும்.

துணைக்கு இன்னொன்று வேண்டவே வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும் படங்களைப் பார்த்து எவ்வளவு ஒற்றுமை என்று உருகுகிறோம். மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறிக்கிறது. கீழே இருப்பது நாளடைவில் இளைக்கும். விரலும் வால்நுனியும் கடிபடும். தாடி ஓணான் தனியாக வாழும் பிராணி. அதற்குப் பொழுதுபோகாது என்று கவலைப்பட்டால் ஏறுவதற்குக் கிளையும் தோண்டுவதற்கு மண்ணும் வையுங்கள். அதற்கு மூளை இல்லாமலில்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஓணானுக்குக் கம்பிக்கதவைத் தலையால் தள்ளித் திறக்கப் பழக்கி, அதை மற்ற ஓணான்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவையும் அதேபோலத் திறந்தன.

வாய் திறந்து பேசாவிட்டாலும் தாடி ஓணான் தன் நிலையைச் சொல்லத்தான் செய்கிறது. தாடி கறுத்தால் கோபம் அல்லது அச்சம். நாள் முழுக்கக் கறுத்தே இருந்தால் நோவு. தலையை வேகமாக ஆட்டினால் மிரட்டுகிறது. ஒரு கையைத் தூக்கி மெல்லச் சுழற்றினால் 'நான் வம்புக்கு வரவில்லை' என்று பொருள்; பிள்ளைகள் அதை டாட்டா காட்டுகிறது என்பார்கள். எச்சத்தில் பழுப்போடு வெள்ளைப் பகுதியும் இருக்க வேண்டும். வெள்ளை மஞ்சளாகிக் கெட்டிப்பட்டால் தண்ணீர் போதவில்லை. மூக்கு நுனியின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நக்கிக் குடிக்கும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசுபோன்ற ஒன்றில் எடைபோட்டு எழுதி வையுங்கள். அந்தத் தராசு ஓணானுக்கு மட்டும். குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வளர்ந்த ஓணான் வாரக்கணக்கில் உண்ணாமல் உறங்கிக் கிடக்கலாம். எடை அவ்வளவாக இறங்கவில்லை என்றால் அது இயல்பு, வெகுவாக இறங்கினால் நோயாக இருக்கலாம். நோட்டில் எழுதிய எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பெயர் வைக்கும்போதும் சற்றே நிதானம். குட்டியில் ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். 'தோனி' என்று பெயர் வைத்தது ஒருநாள் இருபது முட்டை இடலாம். ஆண் துணை இல்லாமலே முட்டை இடும்; தோண்ட ஈரமணல் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கு ஆபத்தாகும். இந்த இனத்தில் முட்டை 32 டிகிரிக்குமேல் சூட்டில் இருந்தால் மரபணுப்படி ஆணாக வேண்டிய குட்டியும் பெண்ணாகப் பிறக்கும். காட்டிலும் அப்படி நடக்கிறது என்பதை கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். பிறப்பதற்கு முன்பிருந்தே இதன் விதியைச் சூடு எழுதுகிறது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க உரிமம் வேண்டும். 16 வயது நிரம்பியவர்தான் விண்ணப்பிக்கலாம். ஆகவே தாளில் வளர்ப்பவர் உங்கள் பிள்ளை அல்ல, நீங்கள். வேலியோரம் தென்படும் காட்டு ஓணானைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அலுத்துப்போய் பூங்காவில் விடுவதும் கூடாது. சிட்னியைச் சுற்றி வாழ்வது வேறோர் இனத் தாடி ஓணான், உங்கள் வீட்டு நோய் அதற்குப் போகும். ஓணானின் தோலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, ஊரிலிருந்து வந்த முதியவர் உள்ள வீட்டில் இரட்டிப்புக் கவனம். எல்லா விலங்கு மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் எங்கே என்று இப்போதே விசாரித்து, முதல் மாதத்திலேயே எச்சத்தைப் புழுவுக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணிக்கும் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, நமக்கே உரிய ஒரு சிக்கல். டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஐந்தாறு வாரம் போகிறோம். மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பதுபோல இதைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. சிட்னியில் அப்போது உச்சக் கோடை. பூச்சி போட அஞ்சாதவர், டெம்பரேச்சர் கன்னைப் பிடித்து எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், கொதிக்கும் நாளில் விளக்கை அணைக்க நினைவுள்ளவர் ஒருவர் வேண்டும். விமானச் சீட்டுக்கு முன் அவரைப் பிடியுங்கள்.

நன்றாக வளர்த்தால் இது பத்து ஆண்டு இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். இன்று ஒன்பது வயதில் இருக்கும் பிள்ளை ஹெச்.எஸ்.சி. முடித்துப் பல்கலைக்கழக விடுதிக்குப் போனபிறகும் கூடத்து மூலையில் அந்த விளக்கு எரிய வேண்டியிருக்கும். பிள்ளை பெயர் வைக்கட்டும், கீரை நறுக்கட்டும், தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றட்டும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே வாங்கினோம். கல்லின் சூட்டை அளப்பதும், எடையை எழுதுவதும், குழல்விளக்கு மாற்றும் தேதியைக் காலண்டரில் குறிப்பதும் உங்கள் வேலை. அவற்றை இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள். அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை என்றால் கூப்பிடுங்கள். நான் கேட்கப்போகும் முதல் கேள்வி, கல் எத்தனை டிகிரி என்பதுதான்.

அன்புடன்,
மேற்கு சிட்னியிலிருந்து
ஓர் ஓணான் வீட்டுக்காரர்